'மெதுவா பேசு'ன்னு சொல்றது உதவியா? திக்கிப் பேசும் குழந்தைக்கு வீடும் பள்ளியும் செய்ய வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். லீவு நாள் என்பதால் சீருடை இல்லை, கையில் பாஸும் இல்லை. டிக்கெட் எடுத்தாக வேண்டும். "எங்கலே இறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்கிறார்.

பதில் அவனுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த ஊர் அது. ஆனால், முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொள்கிறது. "ம... ம... ம..." பின் சீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். கண்டக்டருக்கு இன்னும் முப்பது டிக்கெட் பாக்கி. பையன் சட்டென்று முந்தின ஸ்டாப் பேரைச் சொல்லிவிடுகிறான். அங்கேயே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வீடு போய்ச் சேருகிறான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், திக்கிப் பேசும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு இது புதிதாக இருக்காது. பலருக்கும் சொந்தப் பேரும் சொந்த ஊரும்தான் சொல்லவே கஷ்டமான சொற்கள். காரணம் எளிது. 'பள்ளிக்கூடம்' வாயில் வராவிட்டால் 'ஸ்கூல்' என்று சொல்லித் தப்பிக்கலாம். 'மணிமுத்தாறு'க்கு மாற்றுச் சொல் கிடையாது.

இதை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் ஒருவன் இருந்தான். தமிழ்ப் பாடவேளையில் ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டும். அவன் முறை எப்போது வரும் என்று நாங்கள் காத்திருப்போம், சிரிப்பதற்காக. நானும் சிரித்திருக்கிறேன். அவன் என்ன வாசித்தான் என்பது இன்று எனக்கு ஞாபகமில்லை. யாரெல்லாம் சிரித்தோம் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ, அக்கா வீட்டிலோ, வகுப்பிலோ இருந்தால் என்ன செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது? பார்க்கலாம்.

திக்குவது என்றால் என்ன?

சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருக்கும். வாயிலிருந்து வெளியே வரும்போதுதான் தடைபடும். இது மூன்று விதமாக நடக்கும். முதலாவது, ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவது: "ம-ம-மணி". இரண்டாவது, ஒலி இழுபடுவது: "ம்ம்ம்மணி". மூன்றாவது, சத்தமே வராமல் அடைத்துக்கொள்வது. வாய் திறந்திருக்கும், ஆனால் ஒன்றும் வராது. பார்ப்பவருக்கு 'பதில் தெரியாமல் முழிக்கிறான்' என்று தோன்றுவது இந்த மூன்றாவது வகையில்தான்.

அந்த அடைப்பிலிருந்து வெளியே வர, குழந்தை கண்ணை இறுக்கி மூடும், தலையை ஆட்டும், காலால் தரையைத் தட்டும். போகப் போக இன்னொரு பழக்கமும் வரும். சிக்கும் சொற்களைத் தவிர்ப்பது, தெரிந்த கேள்விக்கே "தெரியாது சார்" என்பது, கடைக்குப் போகச் சொன்னால் மறுப்பது. வெளியிலிருந்து பார்த்தால் பையன் அமைதியானவன், கூச்ச சுபாவம். உள்ளே அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

எத்தனை பேருக்கு இருக்கு?

உலக அளவில் பெரியவர்களில் சுமார் 1 சதவீதம் பேர் திக்கிப் பேசுகிறார்கள். குழந்தைகளில் ஏதாவது ஒரு கட்டத்தில் திக்குபவர்கள் 5 சதவீதத்துக்கும் மேல். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் ஆரம்பிக்கும். வாக்கியங்கள் நீளமாகி, பேச்சு வேகமெடுக்கும் வயது அது. அப்படித் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தானாகவோ பயிற்சியாலோ சரியாகிவிடுகிறது. மீதிப் பேருக்குத் தொடர்கிறது. பெரியவர்களில் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற விகிதத்தில் இருக்கிறது.

பயந்ததால வந்ததா? யாரையாவது பார்த்து ஒட்டிக்கிச்சா?

இரண்டும் இல்லை. பேச்சின் நேரக் கணக்கை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகள் சிலருக்குக் கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்கின்றன. இதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. 2010-ல் அமெரிக்க விஞ்ஞானி டென்னிஸ் டிரேனாவின் குழு, பாகிஸ்தானில் தலைமுறை தலைமுறையாகத் திக்கிப் பேசும் குடும்பங்களிலிருந்து ஆய்வைத் தொடங்கி, இதனுடன் தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தது. ஆகவே, அம்மா திட்டியதால் வந்தது, அப்பா வெளிநாட்டில் இருப்பதால் வந்தது, பக்கத்து வீட்டுப் பையனோடு சேர்ந்ததால் வந்தது என்று யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பதற்றம் திக்குவதை அதிகமாக்கும். ஆனால், பதற்றம் அதன் காரணம் அல்ல.

அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

வசம்பு, கூழாங்கல்: ஆச்சி சொல்ற வைத்தியம் பலிக்குமா?

'நாக்குல வசம்பு தேய்ச்சா சரியாயிரும்' என்று சொல்லாத ஆச்சி நெல்லைப் பக்கம் குறைவு. பாசம்தான். ஆனால், நாக்கு தடித்திருப்பதாலோ மரத்திருப்பதாலோ திக்குவதில்லை. எனவே நாக்கில் எதைத் தேய்த்தாலும் பலன் இல்லை. வசம்பில் இருக்கும் ஆசரோன் என்ற வேதிப்பொருள் உடலுக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்பதால், அமெரிக்காவில் 1968-லேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை வந்துவிட்டது.

வாயில் கூழாங்கல் போட்டுப் பேசிப் பழகுவது இன்னொன்று. பழங்கால கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் அப்படித்தான் பழகினார் என்ற கதையிலிருந்து பரவியது. ஆற்றங்கரையில் கல்லுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால், குழந்தை வாயில் கல் என்றால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் ஆபத்துதான் மிச்சம்.

திக்குவதைப் போக்கும் மாத்திரை, மருந்து என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட எதுவும் இன்றுவரை இல்லை. 'பத்தே நாளில் கேரண்டி' என்று யாராவது ரீல்ஸில் விளம்பரம் செய்தால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? 22 குழந்தைகள் கொடுத்த விலை

1939-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு ஆய்வு நடந்தது. செய்தவர் அயோவா பல்கலைக்கழக மாணவி மேரி டியூடர். வழிகாட்டியவர் பேராசிரியர் வெண்டல் ஜான்சன். டேவன்போர்ட் ஊரில் இருந்த அநாதை இல்லத்திலிருந்து 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், 'உனக்குத் திக்க ஆரம்பிக்குது, கவனமா பேசு, சரியா வரலேன்னா பேசவே பேசாதே' என்ற தொனியில் பல மாதங்கள் சொல்லிவந்தார்கள்.

அந்தக் குழந்தைகள் நிரந்தரமாகத் திக்குபவர்களாக மாறிவிடவில்லை. ஆனால், பேசுவதைக் குறைத்தார்கள், வகுப்பில் ஒதுங்கினார்கள், வாயைத் திறக்கவே பயந்தார்கள். உடன் படித்த ஆய்வாளர்களே அதை 'மான்ஸ்டர் ஸ்டடி' என்று அழைத்தார்கள். 2001-ல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்ததும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடும்பங்களுக்கும் 9,25,000 டாலர் இழப்பீடு தர அயோவா மாநிலம் ஒப்புக்கொண்டது.

பெற்றோர் குறை சொல்வதால்தான் திக்குவது உண்டாகிறது என்பது ஜான்சனின் கொள்கை. அது இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால், அந்த ஆய்வு வேறொன்றைக் காட்டிவிட்டது. 'உன் பேச்சு சரியில்லை' என்று ஒரு குழந்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், அது பேச்சைத் திருத்திக்கொள்ளாது. பேசுவதையே விட்டுவிடும்.

நம் வீட்டில் அதையேதான் அன்போடு சொல்கிறோம். "மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டுப் பேசு", "யோசிச்சுப் பேசு", "முதல்லேருந்து சொல்லு." ஒவ்வொன்றும் குழந்தையின் காதில் ஒரே மாதிரிதான் விழுகிறது: நீ சொன்ன விஷயத்தை நான் கேட்கவில்லை, சொன்ன விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போ வீட்டில் என்ன செய்யலாம்?

*வேகத்தை நீங்கள் குறையுங்கள்.* குழந்தையை மெதுவாகப் பேசச் சொல்லாமல், நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். அவன் முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள். இந்த வீட்டில் அவசரம் இல்லை என்பது அவனுக்குத் தானாகப் புரியும்.

*சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள்.* "ம... ம..." என்றதும் "மணிமுத்தாறா?" என்று முடித்துவைப்பது உதவி போலத் தெரியும். அவன் சொல்ல வந்தது 'மாஞ்சோலை'யாக இருந்தால்? சரியாகவே ஊகித்தாலும், வெற்றி உங்களுடையது, அவனுடையது அல்ல.

*முகத்தைப் பாருங்கள்.* அடைப்பு வரும்போது போனைப் பார்ப்பது, பரிதாபமாக விழிப்பது இரண்டும் வேண்டாம். சாதாரணமாக, கேட்கும் ஆர்வத்தோடு பார்த்தால் போதும்.

*தினம் பத்து நிமிடம்.* டி.வி. இல்லாமல், தம்பி தங்கச்சி குறுக்கே பேசாமல், அவன் சொல்வதை மட்டும் கேட்கும் நேரம். சாப்பாட்டு வேளையில் ஆளுக்கு ஒரு முறை என்று பேசும் வழக்கமும் நல்லது.

*திக்குவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்.* பேசாமல் மறைத்தால், அது அசிங்கமான விஷயம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். "சில சொல்லு மாட்டிக்குது இல்ல? நிறைய பேருக்கு அப்படி இருக்கு. அவசரமில்ல, நான் கேக்கேன்" என்றால் போதும்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் சித்தப்பா, மாமா, அத்தைகளுக்கு ஒரு வேண்டுகோள். போன உடனே குழந்தையை நடு வீட்டில் நிறுத்தி, "பேரு சொல்லு, ரைம்ஸ் சொல்லு, மாமாவுக்கு ஒரு குறள் சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். வீடியோ காலில் போனை முகத்துக்கு நேரே நீட்டிப் பேசச் சொல்வதும் அப்படித்தான்.

கிண்டல் செய்தால்?

மூன்று, நான்கு வயதிலேயே குழந்தைகளுக்குப் பேச்சு வித்தியாசம் தெரிந்துவிடும். நம் சினிமா காமெடிகள் பல வருஷமாகத் திக்குவதை வைத்துச் சிரிப்பு மூட்டியிருக்கின்றன. பையன்கள் அதைப் பார்த்துத்தான் நடித்துக் காட்டுகிறார்கள். 'திக்குவாயன்' என்ற சொல் பேருக்குப் பதிலாகவே ஒட்டிக்கொள்ளும்.

"கண்டுக்காதே, விட்டுடு" என்பது பெரியவர்கள் கொடுக்கும் வழக்கமான பதில். அதில் குழந்தைக்குக் கிடைப்பது, இனி வீட்டில் சொல்லியும் பிரயோஜனமில்லை என்ற செய்திதான். அதற்குப் பதிலாக:

*முதலில் முழுசாகக் கேளுங்கள்.* யார், எங்கே, என்ன சொன்னார்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள். "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்றும் கேளுங்கள்.

*அவனைக் கேட்டுவிட்டு நடவடிக்கை எடுங்கள்.* உடனே அந்தப் பையன் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டால், மறுநாள் கிண்டல் இரண்டு மடங்காகலாம். "நான் டீச்சர்கிட்ட பேசட்டுமா?" என்று அவனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடி உதை, மிரட்டல் என்று போயிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

*ஒரு பதிலைப் பழக்குங்கள்.* தயங்காமல் சொல்லும்படி, குட்டியாக: "எனக்குப் பேச்சு திக்கும்லே. கொஞ்சம் பொறு, சொல்லுதேன்." இதை வீட்டில் விளையாட்டாக நடித்துப் பழகலாம். அதைச் சொல்லும்போதும் திக்கலாம், பரவாயில்லை. தானே சொல்லிவிட்ட பிறகு, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. கிண்டலுக்குப் பாதி பலம் அந்த மறைப்பில்தான் இருக்கிறது.

*ஒரு நண்பன் போதும்.* வகுப்பில் ஒருவன் சிரிக்காமல் பக்கத்தில் நின்றாலே நிலைமை மாறும். அந்த நண்பனை லீவு நாளில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் பிள்ளை கிண்டல் செய்பவனாகவும் இருக்கலாம். அதையும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து, நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, வருகைப் பதிவு. "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொல்லுக்காகக் காலையிலிருந்தே வயிறு கலங்கும் குழந்தைகள் உண்டு. கையைத் தூக்கினால் போதும் என்று வகுப்புக்கே பொதுவாக மாற்றிவிடலாம்.

இரண்டு, வாசிப்பு. அவனை விட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்குத் தாவக் கூடாது. திடீரென்று எழுப்பவும் கூடாது. எந்தப் பத்தி என்று முன்னாலேயே சொல்லலாம். இன்னொரு வழியும் உண்டு: கூட ஒருவர் சேர்ந்து வாசித்தால், திக்கிப் பேசும் பெரும்பாலானோருக்குத் திக்குவதே இல்லை. பாடும்போதும் அப்படித்தான். வகுப்பே சேர்ந்து மனப்பாடச் செய்யுளை ராகமாக ஒப்பிக்கும் நம்ம ஊர்ப் பழக்கம் இவர்களுக்குப் பெரிய வரம். ஜோடியாக வாசிக்க வைக்கலாம்.

மூன்று, மதிப்பெண். வாய்மொழித் தேர்வில் எவ்வளவு வேகமாகச் சொன்னான் என்று பார்க்காமல், என்ன சொன்னான் என்று பார்க்க வேண்டும்.

நான்கு, கிண்டல். ஆசிரியர் சிரித்தால் வகுப்பே சிரிக்கும். ஆசிரியர் பொறுமையாக நின்றால் வகுப்பும் நிற்கும். ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதிருப்பது என்பதை வகுப்பு விதியாகவே வைக்கலாம். இவனைக் காட்டிப் பேச வேண்டியதில்லை.

ஆசிரியரே கேலி செய்தால்? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு, குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் அழைக்கலாம்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்? எங்கே?

இரண்டு மூன்று வயதுக் குழந்தை "நான் வந்து... நான் வந்து..." என்று முழுச் சொற்களைத் திரும்பச் சொல்வது சகஜம். ஆனால், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகமும் கழுத்தும் இறுகினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தாலோ, குழந்தை பேசுவதைத் தவிர்த்தாலோ காத்திருக்க வேண்டாம். 'வளர வளரச் சரியாயிடும்' என்பது பலருக்கு உண்மை. உங்கள் பிள்ளை அந்தப் பலரில் ஒருவனா என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

ஆறு வயதுக்குள் என்றால், ஆஸ்திரேலியாவில் உருவான 'லிட்கோம்' போன்ற, பெற்றோரே வீட்டில் செய்யும் பயிற்சிகள் இருக்கின்றன. பெரிய குழந்தைகளுக்கு முழுசாகப் போய்விடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. இறுக்கமில்லாமல் பேசவும், திக்கினாலும் பயப்படாமல் பேசவும் பழக்குவார்கள். அது சின்ன விஷயமல்ல.

மணிமுத்தாறிலிருந்து திருநெல்வேலி சுமார் 45 கிலோமீட்டர். வாராவாரம் போய்வருவது கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளம். அதனால் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டம் 18 வயதுவரை இலவசம். பேச்சுப் பயிற்சி தேவைப்படும் குழந்தைகளை அவர்கள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி மூலமாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கேட்கலாம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்திலும் குழந்தைகளுக்கான ஆரம்ப கால சிகிச்சை உண்டு. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். தினமும் போக முடியாதவர்கள், முதல் சந்திப்புக்குப் பிறகு வீடியோ காலில் தொடர முடியுமா என்றும் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால், திக்குவதை அது பேர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே சான்றிதழ் மருத்துவக் குழுவின் பரிசோதனையைப் பொறுத்தது. ஒரு குழந்தைக்கு அரை நிமிடம் கூடுதலாகக் கொடுக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

காத்திருந்து கேட்ட ஊர்

மாஞ்சோலை மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. 1957-ல் அதன் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு திக்கிப் பேசுபவர். எப்போதுமே திக்குமா என்று கேட்டவரிடம், 'இல்லை, பேசும்போது மட்டும்தான்' என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. அவருக்குத் திக்குவது போய்விடவில்லை. திக்கிக்கொண்டே மேடைகளில் பேசினார். கூட்டம் காத்திருந்து கேட்டது. 2020-ல் அமெரிக்காவில் ஜோ பைடனின் கட்சி மாநாட்டில், 13 வயது பிரேடன் ஹாரிங்டன் திக்கித் திக்கியே பேசி முடித்தான். பைடனும் சிறுவயதில் திக்கியவர்தான்.

ஆண்டுதோறும் அக்டோபர் 22 சர்வதேச திக்குவாய் விழிப்புணர்வு தினம். அன்றைக்கு ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால், டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலையில் ஒரு பகுதி, வீடியோவில் பேசுபவர் தயங்கும் இடங்களை வெட்டுவது. மூன்று நொடி அமைதி வந்தால் நீங்கள் ஸ்க்ரோல் செய்து போய்விடுவீர்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டையே இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறோம். அப்படிப் பழகிய காதோடுதான் அந்தப் பையன் முன்னாலும் நிற்கிறோம்.

அவன் 'மணிமுத்தாறு' என்று சொல்லி முடிக்கப் பத்து நொடி ஆகலாம். கண்டக்டர் பத்து நொடி நின்றால், பையன் தன் ஊரிலேயே இறங்குவான்.